கிணற்றுக்கு ஒரு புது சிம்

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விஜயலட்சுமி வாணலியில் கடுகைப் போட்ட நேரம் பார்த்து அலமாரி மேலிருந்த போன் அடித்தது. கரண்டிக் கையோடு எடுத்தாள். "மோட்டார் இயக்கப்பட்டது. நன்றி" என்றது ஒரு பெண் குரல், வழக்கம்போல் பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு. கடுகு வெடித்து, அடங்கி, கருகி, அந்தக் கசப்பு நெடி மூக்கில் ஏறும் வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். மோட்டாரைப் போடச் சொல்லி அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. போடக்கூடிய இன்னொரு ஆளான அவள் புருஷன் தீனதயாளன் எதிரே தரையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் போன் சுவரோடு சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் சக்களத்தியா?" என்றான் தீனதயாளன். பெட்டிக் குரலுக்கு அவன் வைத்த பேர் அது.

"மோட்டார் ஓடுதாம்."

"யாரு போட்டது?"

"அத நீங்க சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்களில் பாதிப் பேரிடம் அந்தப் பெட்டி உண்டு. மோட்டார் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் போன் போட்டு ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். மூன்றை அமுக்கினால் அங்கே கேட்கிற சத்தம் இங்கே கேட்கும். மோட்டார் தண்ணீரை இழுக்கிறதா காற்றை இழுக்கிறதா என்று பாயில் படுத்தபடியே தெரிந்துகொள்ளலாம். நேரங்கெட்ட நேரத்தில் வருகிற த்ரீ பேஸ் கரண்டுக்காகப் பாம்பையும் பூரானையும் மிதித்துக்கொண்டு யாரும் கழனிக்கு ஓட வேண்டாம் என்பதற்காக வந்த சாமான் அது.

விஜயலட்சுமிக்கு அந்தப் பெட்டி மேல் இருந்த பிரியத்துக்குக் காரணம் பாம்பு இல்லை, கிணறுதான். கல்வராயன் மலை ஆரம்பிக்கிற இடத்தில், ஊரிலிருந்து பைக்கில் பத்து நிமிஷத் தூரத்தில் இருந்தது அந்தக் கழனி. கைப்பிடிச் சுவர் இல்லாத அகலக் கிணறு. சுற்றிலும் பக்கக் கல்லில் பதித்த படிகள் கீழே இறங்கி இருட்டுக்குள் போகும். கொட்டகைக் கதவுக்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவில் ஓர் ஆள் திரும்பி நிற்கத்தான் இடம். தீனதயாளனுக்கு நீச்சலும் தெரியாது, பயமும் தெரியாது. நிலத்தை வாங்கின அன்றைக்கே சொல்லிவிட்டாள், பெட்டி இருக்கிறது, போன் இருக்கிறது, நீங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று.

இப்போது அவள் பெட்டிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டாள். அதே பதில்.

"இந்தக் கம்பெனிக்கு அங்க டவரே கெடைக்க மாட்டேங்குது" என்று எழுந்தான் தீனதயாளன். "நானே போய் நிறுத்திட்டு வரேன். சும்மா ஓடிக்கினே இருந்தா மோட்டார் காயில் எரிஞ்சிடும்."

அவன் திரும்பி வரும்போது தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். காலில் சேறு, சட்டையில் பாசி நாற்றம். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். தண்ணீர் எந்தப் பாத்திக்கும் போகாமல் நேராக ஓடையில் விழுந்துகொண்டிருந்ததாம். கை கழுவிக்கொண்டே, பெரிய விஷயமில்லை என்கிற மாதிரி, இன்னொன்றும் சொன்னான்.

"தண்ணி எங்கயோ கீழ கெடக்குது விஜயா. ஆனா படியெல்லாம் ஈரம். கீழேர்ந்து ஏறி, மேலேர்ந்து எண்ணினா அஞ்சாவது படி வரைக்கும்."

மறுநாளும் அதே நேரத்துக்கு அடித்தது. அதற்கு மறுநாளும்.

விஜயலட்சுமிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பிறகு தூக்கம் வராது. முதலில் பக்கத்துக் கழனிக்காரர் கொளஞ்சியப்பன் மேல் வந்தது. ஓடைத் தண்ணீர் கீழே அவர் நிலத்து ஓரமாகத்தான் போகிறது. காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்று, மழையில்லை, வெயில் ஜாஸ்தி என்று ஊர் சுற்றிக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"ஓடையில எங்க தண்ணி வருதே மாமா, உங்க சோளத்துக்குத் திருப்பிக்கிறீங்களா?"

கொளஞ்சியப்பன் கையைத் தவிட்டிலிருந்து எடுக்கவில்லை. "அந்தக் கெணத்துத் தண்ணிய நான் மாட்டுக்குக்கூடக் காட்றதில்ல" என்றார்.

"ஏன்? நல்ல தண்ணி தான?"

"நல்ல தண்ணிதான். யாரு இல்லன்னா?" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் சோளம் உண்மையிலேயே வாடித்தான் நின்றது. ஓடை ஓரத்தில் அவரே மண்ணை வெட்டிப் போட்டு, அந்தத் தண்ணீர் தன் நிலத்துக்குள் வராமல் கரை கட்டியிருந்தார். காய்கிற பயிரை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு எதிராகக் கரை கட்டுகிற மனுஷனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்ன நினைப்பது?

பிறகு கொஞ்ச நேரம் புருஷன் மேலேயே சந்தேகப்பட்டாள். கிணற்றுப் பக்கம் போகாதே என்றதற்குப் பழி வாங்குகிறானோ என்று அவன் போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியமும் கிடையாது. திருடனாக இருந்தால் ஒயரை அறுப்பான், மோட்டாரைக் கழற்றுவான், பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து மோட்டாரைப் போட்டுவிட்டுப் போகமாட்டான். யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பெட்டிக்குப் போன் போடுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகிவிட்டது. அவர்கள் ஒன்றை அமுக்கும்போது கிடைக்கிற டவர், இவள் இரண்டை அமுக்கும்போது கிடைப்பதில்லை. அதனால் தினமும் இருட்டுகிற நேரத்தில் அவள் புருஷன் அந்த விளிம்பில் போய் நிற்கிறான்.

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கம்பெனியை மாற்றச் சொன்னான்.

"மல ரோட்டுல புதுசா டவர் போட்டுக்கிறாங்கக்கா. அந்தக் கம்பெனி சிம்மு போட்டா உங்க கெணத்துல ஃபுல் டவர் காட்டும். அண்ணன் போனு, உங்க போனு, பொட்டி, மூணையும் மாத்திடுங்க."

"மொதல்ல பொட்டிக்கு மாத்து. நல்லாருந்தா அப்பால மத்தத மாத்திக்கலாம்." புதுக் கம்பெனி எப்படிப்பட்டதோ என்கிற சந்தேகமும் அவளுக்கு இருந்தது.

"அதே நம்பர வெச்சுக்கினு போர்ட் பண்ணணும்னா சிம்முக்காரங்க நேர்ல வரணும். ஆதார் வேணும், மூஞ்ச போட்டோ புடிப்போம். யாரு பேர்ல இருக்கு?"

அங்கேதான் இடித்தது. நிலம் போன தை மாசம் வாங்கினது. விற்றவள் லட்சுமியம்மாள், செத்துப்போன ராமசாமியின் பெண்சாதி. இப்போது திருக்கோவிலூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பத்திரம் மட்டும்தான் தீனதயாளன் பேருக்கு வந்தது. கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் ராமசாமி பேரில், பெட்டி சிம் லட்சுமியம்மாள் பேரில். ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற மோட்டாரை எதற்குத் தொடுவானேன் என்று விட்டுவிடுவார்கள். யாருக்கும் அது பெரிதாகத் தோன்றுவதில்லை.

கடை வாசலில் நின்றே லட்சுமியம்மாளுக்குப் போன் போட்டாள். முட்டிவலிக்காரி, வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள்.

"வரேன் கண்ணு. வெள்ளிக்கெழம பஸ் ஏறி வந்துடறேன்" என்றாள் லட்சுமியம்மாள் உடனே. "நம்பரு மாறாதுல்ல?"

"மாறாதும்மா. கம்பெனிதான் மாறும்."

"நம்பரு அதேதான இருக்கும்?"

"அதேதான்."

"நல்லாக் கேட்டுக்கினியா கண்ணு? நம்பரு மட்டும் மாறக் கூடாது."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. விஜயலட்சுமி காதை இறுக்கப் பொத்திக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று பொருந்திக்கொண்டது.

"வித்துட்டுப் போன கெணத்து நம்பர் மேல உங்களுக்கு இன்னாம்மா அவ்ளோ அக்கற? நீங்கதான் போடறீங்களா?"



"ஆமா கண்ணு, நீங்களே ஓட்டுவீங்கன்னு இத்தினி மாசம் இருந்துட்டேன், இப்பத்தான் மனசு கேக்கல" என்றாள் லட்சுமியம்மாள். "அவரு இருந்த வரைக்கும் அவரு போடுவாரு. சாவறப்ப என்னை நம்பரு மனப்பாடம் பண்ண வெச்சாரு. பொழுது சாயறப்ப ஒரு மணி நேரம் ஓடணும். எறைச்சுப்புட்டா எறங்கிடுவாங்கன்னாரு."

"யாரு எறங்கிடுவாங்க?"

"அத நான் கேக்கல."

போனை வைத்ததும் விஜயலட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ கோபம். நல்ல கிணறு, நல்ல மண், கம்மி விலைக்குத் தள்ளிவிட்டாளே என்று அப்போதே ஊரில் பேசினார்கள். இப்போது புரிகிறது. பேய்க்கதை கட்டி இவர்களை விரட்டிவிட்டு, இவர்கள் பயந்துபோகிற நேரத்தில் இன்னும் கம்மி விலைக்கு நிலத்தைத் திரும்ப வாங்குகிற திட்டம். திருக்கோவிலூரில் உட்கார்ந்தபடி அடுத்தவள் கிணற்றுக்குள் கையை விட்டு ஆட்டுகிறாள் கிழவி.

"அந்தம்மா போட்டுட்டுப் போவட்டுமே" என்றான் தீனதயாளன் அன்று சாயங்காலம். "கரண்டுக்குக் காசா குடுக்கறோம்? வெள்ளிக்கெழம வரட்டும், அதே நம்பர்ல மாத்திக்கலாம். டவர் கெடச்சா நாம நிறுத்திட்டுப் போறோம்."

"அதே நம்பர் இருக்கற வரைக்கும் அவ கை நம்ம கெணத்துல இருக்கும்."

அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "இன்னிக்கு ரெண்டாவது படி வரைக்கும் ஈரம் ஏறிக்கிது விஜயா. நான் போறதுக்குள்ள மோட்டார் ஓடி நின்னுபோச்சு. கரண்ட் சீக்கிரமே போயிடுச்சுபோல."

அவள் அதைக் காதில் வாங்கினாள். எவனோ உள்ளே இறங்கிக் குளிக்கிறான், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. மறுநாளே பிரவீன்குமார் கடையில் கண்ணைச் சிமிட்டிப் போட்டோ எடுத்து, தன் பேரிலேயே புதுக் கம்பெனி சிம் வாங்கினாள், புது எண்ணோடு. பழைய எண் போனால் போகட்டும். அந்த நிலத்தில் அவள் பேரில் இருக்கிற முதல் பொருள் அந்தச் சின்னத் தகட்டுத் துண்டுதான். நல்ல வெயிலில் தீனதயாளன் போய் பெட்டியைத் திறந்து மாட்டினான். வீட்டிலிருந்து அவள் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தது. மூன்றை அமுக்கினாள்.

அடேயப்பா. அத்தனையும் கேட்டது. காக்காய், மக்காச்சோளத் தாள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு, தூரத்தில் மலை ரோட்டில் ஏறுகிற பஸ்ஸின் முனகல், கொட்டகைத் தகரம் வெயிலில் விரிந்து டக் டக்கென்று போடும் சத்தம். தீனதயாளன் பெட்டிக்குப் பக்கத்தில் இருமிவிட்டு, "கேக்குதாடி?" என்றான். அவள் வீட்டில் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். இனி அவன் போக வேண்டாம். அவள் காது போதும்.

அன்று பொழுது சாய்கிறபோது போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. வெற்றி என்று நினைத்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலை முழுவதும் கறுத்து, ஓடை ஒலியெடுத்து ஓடியது. பயிருக்குத் தண்ணீர் தேவையில்லை, மோட்டாரை யாரும் போடவில்லை. ஆனால் சாயங்காலமானால் விஜயலட்சுமிக்கு மூன்றை அமுக்கிக் கேட்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் தகரத்தில் விழும் மழை மட்டும் கேட்டது. சில நாள் கழித்து மழைக்கு அடியில் வேறொன்று. தண்ணீர் கல்லில் மோதும் சின்னச் சத்தம். களக். களக். கிணறு ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டாள். நாளாக ஆக அந்தச் சத்தம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தது. ஒருநாள் மழை விட்டிருந்தபோது, அந்தக் களக் களக் நின்று, கல்லின் மேல் ஈரத்துணியை வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தவளை என்றாள் தனக்குள். தவளை அவ்வளவு கனமாக இருக்குமா?

அன்றிலிருந்து கேட்பதை நிறுத்தினாள். தீனதயாளனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவான்.

லட்சுமியம்மாள் எண்ணிலிருந்து ஓயாமல் மிஸ்டு கால் வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்து ஏமாந்து போயிருப்பாள் என்று இவள் எடுக்கவே இல்லை. கடைசியில் ஒருநாள் சாயங்காலம், வானம் மூடி, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்த நேரத்தில் எடுத்தாள்.

"நம்பர மாத்திட்டியா கண்ணு?" குரலே உடைந்திருந்தது. "போட்டா சுவிட்ச் ஆஃப்ன்னு சொல்லுது. நீயாவது ஓட்டறியா?"

"மழ பேயுதும்மா. எதுக்கு ஓட்டணும்?"

அந்தப் பக்கம் கிழவி அழுதாள். நடிப்பு இல்லை. நடிப்பைக் கண்டுபிடிக்க விஜயலட்சுமிக்குத் தெரியும். இது சின்னப் பிள்ளை பயத்தில் அழுகிற அழுகை.

"இன்னிக்கே போடு. பொழுது சாயறதுக்குள்ள போட்டுடு. உன் கால்ல வுழறேன்."

விஜயலட்சுமி லைனை வெட்டினாள். போட்டால் என்ன நஷ்டம்? பெட்டிக்குப் போன் போட்டு ஒன்றை அமுக்கினாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது குரல். "ஒரு பேஸ் மின்சாரம் இல்லை. மோட்டாரை இயக்க முடியாது."

"ஃபீஸ் கம்பி கருகிப் போயிருக்கும்" என்றான் தீனதயாளன் பின்னாலிருந்து. அவன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "அஞ்சு நிமிஷ வேல. போட்டுட்டு வந்துடறேன். எதுக்கு ஓட்டணும்ன்ற இப்ப?"

அவள் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் சிரிப்பான். சொல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, சாம்பல் நிறத்தில், ஆனாலும் வெளிச்சம்.

"கெணத்து ஓரம் நிக்காதீங்க. நான் லைன்லயே இருப்பேன். கேட்டுக்கினே இருப்பேன்" என்றாள். அப்படித்தான் அவளே அவனை அனுப்பினாள்.

மூன்றை அமுக்கிக் காதோடு அழுத்திக்கொண்டு கூடத்தில் நின்றாள். தகரத்தில் தூறல். வேறு சத்தம் இல்லை. களக் களக் இல்லை. தவளை இல்லை. பூச்சிகூட இல்லை. அத்தனை டவரில் அத்தனை அமைதி.

பைக் சத்தம் தூரத்தில் கேட்டு, பக்கத்தில் வந்து நின்றது. செருப்பு சேற்றில் ஒட்டிப் பிய்ந்து நடக்கும் சத்தம். கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது. அவன் இருமல். ஃபீஸைப் பிடுங்குகிற சத்தம், கம்பியைச் சுற்றுகிறபோது வாய்க்குள் அவன் முணுமுணுக்கும் ஏதோ ஒரு மெட்டு. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. டக்கென்று ஃபீஸ் உள்ளே போயிற்று.

"போட்டாச்சு விஜயா" என்றான் பெட்டியைப் பார்த்து. "இப்ப அமுக்கு."

அவள் விரல் ஒன்றின் மேல் போனது.

"இரு. அமுக்காத. இரு இரு."

விரல் நின்றது.

"கெணத்துல ஆளு இருக்கு."

அவன் குரல் வெளியே திரும்பியது. "யாருங்க அது? எப்ப வுழுந்தீங்க? பயப்படாதீங்க, தோ வந்துட்டேன்."

"வாங்க வெளிய! ஏங்க, வந்துடுங்க!" என்று அவள் கத்தினாள். அந்தப் பெட்டியில் கேட்க மட்டும்தான் முடியும். இங்கிருந்து எதுவும் அங்கே போகாது. அது தெரிந்தும் கத்தினாள்.

"கை குடுங்க" என்றான் தீனதயாளன். "கெட்டியாப் புடிங்க. அவ்ளோதான். ஏறுங்க."

கல்லின் மேல் ஈரத்துணி வைத்த சத்தம்.

"இன்னும் ஒருத்தரா? கை குடுங்கம்மா."

இன்னொன்று.

லைனை வெட்டினாள். அவன் போனுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பெட்டிக்குத்தான் கம்பெனி மாற்றினாள். புருஷன் போனில் பழைய சிம். மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பப் பெட்டிக்கு. முதல் மணியிலேயே எடுத்தது. மூன்று.

"எத்தினி பேருங்க?" மூச்சு வாங்கியது அவனுக்கு. "கீழ இன்னும் எத்தினி பேரு இருக்கீங்க?"

கால்கள். ஈரக் கால்கள். கொட்டகை வாசலில். கொட்டகைக்குள். பெட்டிக்குப் பக்கத்தில். மிகப் பக்கத்தில். மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"பசங்களும் இருக்கா?" என்றான். அவன் குரலில் பயம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. இரக்கம் மட்டும் இருந்தது.

பிறகு அவன் குரலும் இல்லை.

ஆள் இருந்தால் இருக்கட்டும். ஒன்றை அமுக்கினாள். வெளிச்சம் போகும் வரைக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கிணற்றில் தண்ணீர் இல்லை" என்றது குரல், ஒரு எழுத்து விடாமல். "மோட்டார் நிறுத்தப்பட்டது. நன்றி."

இத்தனை மழைக்குப் பிறகு. தண்ணீர் இல்லை.

செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். தூறலில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. டிவி சத்தம், சாம்பார் வாசனை, யாரோ பிள்ளையை அதட்டுகிறார்கள். தெரு நாய்கள் ஒரு வண்டிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு சத்தமில்லாமல் பார்த்தன. ஊர்க் கடைசித் தெருவிளக்கு வரைக்கும் போனாள். அதற்கு மேல் கழனி ரோடு. வெளிச்சம் சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

ரோட்டில் யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

அவன் நடைதான். பைக் இல்லை. நடந்து வந்தான். வெளிச்சத்துக்குள் காலை வைத்தபோது முகம் தெரிந்தது. தீனதயாளன்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளைப் பார்த்துச் சிரித்தான், சந்தைக்குப் போய் வந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அவள் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகியது.

அவன் வலது கை பின்னால் நீண்டிருந்தது. அதை ஒரு கை பிடித்திருந்தது. வெளுத்து, ஊறி, சுருங்கிய கை. அந்தக் கைக்காரியின் இன்னொரு கையை இன்னொரு கை பிடித்திருந்தது. அதன் பின்னால் ஒன்று. உயரமாக, குட்டையாக, இடுப்பு உயரத்துக்கு. விளக்கு வெளிச்சம் முடிகிற வரைக்கும் வரிசை. முடிந்த பிறகும், இருட்டுக்குள், மலைப் பக்கம் வரைக்கும், ஈரக் கால்கள் ரோட்டில் படுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அவள் பின்னால் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. யாரோ, "யாரு விஜயாவா? இன்னா கூட்டம் அங்க?" என்றார்கள்.

தீனதயாளன் இடது கையை அவளிடம் நீட்டினான்.

"கை குடு விஜயா" என்றான். "பாவம், ரொம்ப நாளா உள்ளயே இருந்திருக்காங்க. நம்ம வூட்டுக்குத்தான் இட்டுக்கினு வரேன்."